கோரி மீனுக்கு (தொட்டியின் அடியில் மேயும் சின்ன மீசை மீன், Corydoras) என்ன மண் போடலாம்? மீன் வளர்க்கும் மூன்று ஊர்க்காரர்களின் பேச்சு:

சம்மாந்துறை:
கடையில் விற்கிற சாயக்கல்லை விட்டுவிடுங்கள். கோரி தன் மூஞ்சியை மண்ணுக்குள் புதைத்து, வாயால் அள்ளி, தீனியை வைத்துக்கொண்டு மிச்ச மண்ணைச் செவுள் வழியாகத் தள்ளிவிடும். 4–5 மி.மீ. கல்லில் அது நடக்காது. குளிசைத் தீனியும் கல் இடுக்கில் இறங்கி அழுகும். மீசை கரைந்தால் எல்லாரும் கூர்க்கல்லைத்தான் குற்றம் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அடியில் தேங்கும் ஊத்தைதான் முதல் எதிரி.

ஹாட்வெயாரில் கட்டட வேலைக்குக் குவித்திருக்கும் ஆற்றுமண் போதும். கருங்கல் உடைத்த தூள்மண் கூடாது, விளிம்பெல்லாம் கூர். ஆற்றுமண்ணைக் காயவைத்து ஜன்னலுக்கு அடிக்கிற நுளம்பு வலையில் அரித்து, கீழே விழுவதை எடுங்கள். 2 அடிக்கு 1 அடித் தொட்டியில் 3 செ.மீ. பரப்ப ஐந்தரை லீற்றர், அதாவது காய்ந்த மண் 8–9 கிலோ வேண்டும். பாதி வலையிலேயே நின்றுவிடும், இருமடங்காக வாங்குங்கள். வாளியில் கால்வாசி போட்டு, ஹோஸை அடிவரை விட்டுக் கிளறிக் கிளறிக் கலங்கலை ஊற்றவேண்டும். தெளியும் வரைக்கும் விடக்கூடாது. சவர்க்காரம் வேண்டவே வேண்டாம்.

கல்லடி:
கடல்மண் சும்மா கிடக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: உப்பு பெரிய விசயமில்லை, கழுவக் கழுவப் போய்விடும். சிப்பித்தூள் போகாது. அது மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கி, பீ.எச். அளவை (காரத்தன்மையை) ஏற்றும். காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து வினாகிரி ஊற்றுங்கள். நுரைத்தால் கோரிக்கு ஆகாது. பாசிக்குடாப் பக்கத்து முருகைக்கல் கலந்த மண்ணுக்குச் சோதனையே தேவையில்லை. மொலி, கப்பி மீன் வளர்க்கிறவர்கள் அதைத் தாராளமாகப் போடலாம். வாவி மண்ணில் சிப்பியோடு கறுத்த சேறும் வரும், தொடாதீர்கள்.

காத்தான்குடி:
காக்கா (அண்ணா), 4 அங்குலம் போட்டால் வடிவாக இருக்குமே?

சம்மாந்துறை:
வேண்டாம் தம்பி. பொடிமண் 5 செ.மீ. தாண்டினால் அடியில் ஒட்சிசன் இறங்காது. கறுப்புத் திட்டு விழும், கிளறினால் கூழ்முட்டை மணம் வரும். 2–3 செ.மீ. போட்டால் கோரியே புரட்டிக்கொண்டிருக்கும். அது போகாத மூலைகளைக் கிழமைக்கு ஒருதரம் விரலால் கிண்டிவிடுங்கள். ஊத்தை மேலேதான் கிடக்கும், குழாயை மண்ணில் குத்தாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்து உறிஞ்சினால் போதும்.

கல்லடி:
மீன் இருக்கிற தொட்டியில் கல்லை மாற்றுவதென்றால், பழைய கல்லில் இரண்டு கைப்பிடியை வலைப்பையில் கட்டி மூன்று கிழமை உள்ளேயே தொங்கவிடுங்கள். கழிவை முறிக்கும் நுண்ணுயிர் அதில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் தீனியைப் பாதியாக்குங்கள். மண் போடும்போது பில்டரை நிறுத்தி, தண்ணீரை ஒரு கோப்பைத் தட்டின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். கலங்கல் அடங்காமல் பில்டரைப் போட்டால் மண் உள்ளே போய் மோட்டர்ச் சுழலியைத் தேய்த்துவிடும். உறிஞ்சும் வாய் மண்ணிலிருந்து நாலு விரலாவது மேலே இருக்கட்டும்.