தனுஷ்கோடிப் புயலைப் பார்த்தவர்கள் பேச வருவார்களா?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பல்கலைக்கழக ஆங்கிலத் துறை ஆண்டுதோறும் நடத்தும் இலக்கிய மாநாட்டில் இந்த முறை கடலும் இலக்கியமும்தான் பொருள். ஒரு நாள் அமர்வை ராமேஸ்வரம் பக்கம், கடலோர ஊரிலேயே வைக்கிறோம்.

அதில் 1964 புயலை நேரில் பார்த்தவர்கள் பேச வேண்டும் என்பது என் ஆசை. டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனதும், உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்ததும் புத்தகத்தில் கிடைக்கும். தனுஷ்கோடியில் குடியிருந்தவர்கள் அன்றைக்கு எங்கே ஏறி நின்றார்கள், பிறகு எந்த ஊரில் போய்க் குடிசை போட்டார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்டால்தான் உண்டு. அப்போது பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களே இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அதனால்தான் இந்த அவசரம்.

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் உங்கள் தாத்தா, அப்பத்தா, அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மேடை கூச்சமாக இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து கேட்போம். விருப்பமில்லாதவர்களை வற்புறுத்த மாட்டோம். வண்டி, சாப்பாடு, மதிப்பூதியம் எல்லாம் துறையின் பொறுப்பு.

அப்புறம், அவர்கள் பேசப் பேச ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல ஒருவர் தேவை. வாடை, கச்சான், சோழகம் என்று காற்றுகளைச் சொன்னால் திணறாத கடலோரப் பிள்ளையாக இருந்தால் ரொம்ப நல்லது.

பெரியவர்களின் பெயரையும் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம். அவர்களிடம் கேட்டுவிட்டு எனக்குத் தனியாக அனுப்புங்கள்.