டொங்காட் (தென்னாப்பிரிக்கா) குடும்பக் குழு: எலுமிச்சைப் புல்லில் தேமல்

தனம் அத்தை: வேலியோரத்து எலுமிச்சைப் புல்லில் இலைகள் திட்டுத் திட்டாக வெளிறியிருக்கின்றன, படம் அனுப்பியிருக்கிறேன். இரும்புச்சத்துக் குறைவு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தூர் பிரித்து உங்கள் எல்லோருக்கும் தரலாம் என்றிருந்தேன்.

குமரன்: அத்தை, தயவுசெய்து இப்போதைக்கு ஒரு தூரைக்கூடப் பிரிக்க வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவாக இருந்தால் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் நீளவாக்கில் ஒரே சீராக வெளுக்கும். குருத்தை ஒட்டிய இளம் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். கரும்பச்சைக்கு நடுவே இளம்பச்சை விட்டுவிட்டு, ஓரம் கலங்கிய சிறு கீற்றுகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் வைரஸால் வரும் தேமல் நோய்தான். முதிர்ந்த இலையில் அது மங்கிவிடும்.

தனம் அத்தை: பார்த்துவிட்டேன், குமரா. நீ சொன்னபடியே கீற்றுகள் இருக்கின்றன.

வாசு மாமா: வேலிக்கு அந்தப்புறம் நிற்பது பழைய என்கோ 376 கரும்பு. கோயம்புத்தூரில் ஒட்டுச் சேர்த்த விதையை இங்கே நேட்டாலில் முளைக்கவைத்துத் தேர்ந்தெடுத்த அருமையான ரகம், ஆனால் தேமலுக்கு எளிதில் இடம் கொடுத்துவிடும். ஆகவே இது கரும்புத் தேமல் வைரஸ்தான்.

குமரன்: இருக்கலாம் மாமா, ஆனால் இலையை வைத்து வைரஸின் பெயரைச் சொல்ல முடியாது. கரும்புத் தேமல், சோளத் தேமல், மக்காச்சோளக் குட்டைத் தேமல், ஜான்சன் புல் தேமல் ஆகிய நான்கும் போட்டிவைரஸ் (Potyvirus) என்ற தாவர வைரஸ் பேரினத்தில் நெருங்கிய உறவுடையவை. 1989இல்தான் அவற்றைத் தனித்தனி வைரஸ்களாகப் பிரித்தார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் நான்கும் சுமார் 750 நானோமீட்டர் நீளமுள்ள, வளையும் இழைகளாகவே தெரியும். எதிர்ப்பொருளைக் கொண்டு வைரஸைக் கண்டறியும் எலிசா சோதனையிலும் ஒன்றுக்கான எதிர்ப்பொருள் மற்றொன்றோடு ஒட்டக்கூடும். வைரஸின் மரபுப்பொருளைப் படியெடுத்துப் பெருக்கும் ஆர்டி-பிசிஆர் சோதனை செய்து, அதன் வெளியுறையை உருவாக்கும் உறைப்புரத மரபணுவின் வரிசையைப் படித்து ஒப்பிட்டால்தான் எது என்று உறுதியாகும்.

தனம் அத்தை: சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு மருந்தடித்தால் பரவாமல் நிற்குமா? டீயில் போடலாமா?

குமரன்: டீயில் தாராளமாகப் போடுங்கள், இந்த வைரஸ் மனிதரைத் தாக்காது. மருந்தில்தான் எனக்கு நம்பிக்கையில்லை. அசுவினி இந்த நோயைப் பரப்புவதை 1920இலேயே பிராண்டிஸ் என்பவர் கரும்பில் காட்டிவிட்டார். அது சில விநாடிகள் சாறு உறிஞ்சினாலே போதும், மருந்து கொல்வதற்குள் அடுத்த செடிக்குத் தொற்றிவிடும். அதைவிடத் தூர்தான் ஆபத்து, ஏனென்றால் தாய்த்தூரில் வைரஸ் இருந்தால் பிரித்து நடும் கன்றுகளிலும் அது கூடவே போகும். கீற்றுள்ள இளம் இலைகளையும், நல்ல தூரின் இலைகளையும் தனித்தனிப் பையில் இட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறையவைக்க வேண்டாம். கத்திரியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். நாளை நான் வந்து ஆய்வகத்துக்கு எடுத்துச்செல்கிறேன்.

தனம் அத்தை: சரி குமரா, இரண்டு பைகளிலும் எழுதி வைக்கிறேன். மல்லிகா, புதுப் பாத்திக்குத் தூர் கேட்டிருந்தாயே, முடிவு வரும்வரை பொறுத்துக்கொள்.