பக்கத்து இருக்கையில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு புதிய முகம்

தொடக்கப் பகிர்வு, வடமேற்கு இங்கிலாந்திலிருந்து:

ஓர் ஆட்டம் மட்டும் பார்த்துப்போக வரும் சுற்றுலாப் பயணிகளால் கால்பந்து அரங்குகள் எப்படி மாறுகின்றன என்பதைப் பற்றி, இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில் ஆடும் கிளப் ஒன்றின் சீசன் டிக்கெட்டை (ஒரு பருவம் முழுவதற்குமான டிக்கெட்டை) பல ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள ஸ்டாண்டில் என் இருக்கை. எனக்கு இடப்பக்கம் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். அந்த ஸ்டாண்டு நின்று பார்க்கும் படிகளாக இருந்த காலத்திலேயே தம் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்தவர். கட்டணம் ஏறியதோடு மூத்தோருக்கான சலுகையும் குறைந்தபின் அவர் வருவதை நிறுத்திவிட்டார். அவருடைய இருக்கையைக் கிளப் மற்றொருவருக்குச் சீசன் டிக்கெட்டாகக் கொடுக்கவில்லை. விருந்தும் அரங்கைச் சுற்றிக்காட்டுவதும் சேர்ந்த தொகுப்பாக, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியே, பல மடங்கு விலைக்கு விற்கிறது. அதனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு புதியவர் என் பக்கத்தில் வந்து அமர்கிறார்.

சென்ற பருவத்தில் ஓர் இளம் தம்பதியர் வந்திருந்தனர். இரண்டு அணிகளின் நிறத்தையும் பாதிப்பாதியாகப் போட்டு வாசலில் விற்கிறார்களே, அந்த ஸ்கார்ஃபை இருவரும் அணிந்திருந்தனர். மிகவும் மரியாதையானவர்கள், உட்காருவதற்கு முன்பே, தாங்கள் மறைக்கிறோமா என்று பின்வரிசையில் இருந்தவரிடம் கேட்டார்கள். எங்கள் அணிக்குக் கார்னர் கிடைத்தபோது ஸ்டாண்டே எழுந்து நின்றது. அந்த இளைஞர் மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி, மனைவியும் கோல் கம்பமும் ஒரே படத்தில் வருமாறு கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். பந்து வலைக்குள் போனது. நாங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கத்திக்கொண்டிருக்க, அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "அடித்தது யார்?" என்று என்னைக் கேட்டார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த இடத்தில் முன்பு இருந்தவர், கோல் விழுந்ததும் என் தோளை வலிக்கும்படி அடிப்பார்.

அரங்கில் ரசிகர்கள் பாடும் பாட்டு எப்படிப் பரவுகிறது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலும் பின்வரிசைகளில் இருபது முப்பது பேர் எடுத்துக்கொடுப்பார்கள். முதல் அடி முடிவதற்குள் அடுத்த வரிசை பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து கீழே இறங்கிப் பக்கவாட்டில் விரிய வேண்டும். நடுவில் ஐந்தாறு இருக்கைகளில் சொற்கள் தெரியாதவர்கள் சேர்ந்தாற்போல் அமர்ந்திருந்தால், பாட்டு அங்கேயே அறுந்துவிடும். அவர்கள் வேண்டுமென்றே வாய்மூடி இருப்பதில்லை. யார் எடுத்துக்கொடுக்கிறார், எப்போது சேர்ந்துகொள்வது என்பதெல்லாம் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்து பழகியவருக்கே தெரியும். எங்கள் பகுதியில் பாட்டு அறுந்துபோகும் இடங்களை இப்போது என்னால் விரல்வைத்துக் காட்ட முடியும்.

இந்த அமைதி சுற்றுலாப் பயணிகளோடு தொடங்கியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 97 உயிர்களைப் பறித்த 1989ஆம் ஆண்டின் ஹில்ஸ்பரோ அரங்கு நெரிசலுக்குப் பின், அதை விசாரித்த டெய்லர் அறிக்கையின்படி, 1994 முதல் மேல்நிலைப் பிரிவுகளின் அரங்குகள் முழுவதும் இருக்கைகளாயின. உயிர் காக்க வந்த மாற்றம் அது. அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் அதை ஒட்டி ஏறிய கட்டணம் பெரும்பாலும் இறங்கவில்லை. 2000ஆம் ஆண்டிலேயே மான்செஸ்டர் யுனைடெட் அணித்தலைவர் ராய் கீன், இறால் சாண்ட்விச் சாப்பிட வருகிறவர்களுக்கு மைதானத்தில் என்ன நடக்கிறது என்பதே தெரியவில்லை என்று வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். அவர் சுட்டியது வெளிநாட்டவரை அல்ல, விருந்து அறைகளில் இருந்தவர்களை. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் ரசிகர்கள், 77 பவுண்டு டிக்கெட் அறிவிப்பை எதிர்த்து, சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2-0 என்று முன்னிலையில் இருந்த அணி 2-2 என்று முடித்தது. சில நாள்களிலேயே உரிமையாளர்கள் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அன்று எழுந்து போனவர்களுக்கு ஒன்றாக எழத் தெரிந்திருந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மாறுகிற பார்வையாளர்களால் அப்படி ஒன்றுசேர முடியாது. கட்டணத்தை உயர்த்துகிற கிளப்புக்கு அது வசதியாகவும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

உங்கள் அரங்குகளில் கண்டதையும் எழுதுங்கள்.

லண்டனிலிருந்து ஓர் உறுப்பினர்:

சில பருவங்கள் லண்டன் அரங்கு ஒன்றில் பகுதிநேர ஸ்டீவர்டாக (பார்வையாளர்களை ஒழுங்குபடுத்துபவராக) வேலை செய்திருக்கிறேன். ஆட்டத்தைப் பார்க்காமல் ஆட்களைப் பார்ப்பதே எங்கள் வேலை என்பதால், இந்த மாற்றத்தை மிக அருகிலிருந்து கவனித்திருக்கிறேன்.

ஒரு முறை, உள்ளூர் ரசிகர்களின் பகுதியில் ஒரு தந்தையும் பத்து வயது இருக்கக்கூடிய மகனும் அமர்ந்திருந்தார்கள். சிறுவன் எதிரணியின் நட்சத்திர ஆட்டக்காரர் பெயர் பொறித்த ஜெர்சி அணிந்திருந்தான். அந்தப் பகுதியில் எதிரணி நிறம் கூடாது என்பது விதி. மேலே ஒரு கோட்டைப் போட்டு மறைத்துக்கொள்ளச் சொன்னேன். தந்தை உடனே இணங்கினார். அந்த ஆட்டக்காரர் கோல் அடித்ததும் சிறுவன் துள்ளி எழுந்துவிட்டான், கோட்டு கீழே விழுந்தது. சுற்றியிருந்தவர்களில் சிலர் வெளியேற்றச் சொல்லிக் கத்தினார்கள். பின்னாலிருந்த ஒருவர், "சின்னப் பையன், விடுங்கப்பா" என்ற பொருளில் அவர்களோடு சண்டைக்கே போனார். மேற்பார்வையாளரின் உத்தரவுப்படி இருவரையும் நான்தான் கீழே அழைத்துவந்தேன். தந்தை தன் கைப்பேசியில் டிக்கெட்டைக் காட்டினார்: அதில் இருந்தது யாரோ ஒருவருடைய பெயர். இணையத்தில் மறுவிற்பனைத் தளம் ஒன்றில், அச்சிட்ட விலையைப்போல் பல மடங்கு கொடுத்து வாங்கியிருக்கிறார். எந்தப் பகுதி யாருக்குரியது என்று அந்தத் தளம் அவருக்கு ஒரு வரிகூடச் சொல்லவில்லை. நடைபாதையில் தொங்கிய தொலைக்காட்சியில் மீதி ஆட்டத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சிறுவன் அழுதபடியே போனான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து டிக்கெட்டை உரிய அனுமதியின்றி விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் விற்பவர் வேறு நாட்டில் இருந்துகொண்டு விற்கிறார். வாசலில் மாட்டிக்கொள்பவர் வாங்கியவர். இதை மாற்றாமல் பயணியைக் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தென் கொரிய ஆட்டக்காரர் சன் ஹியூங்-மின் 2015 முதல் 2025 வரை லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமில் ஆடிய காலத்தில் தென் கொரியாவிலிருந்து வந்த ரசிகர்களில், அவர் மாற்று ஆட்டக்காரருக்கு வழிவிட்டு வெளியேறியதும் தாங்களும் எழுந்து போனவர்கள் உண்டு. அடுத்தடுத்த ஆண்டுகளில் மீண்டும் வந்து, ஆங்கிலம் அதிகம் தெரியாமலேயே முழுப் பாட்டையும் பாடியவர்களும் உண்டு.

தொலைவிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் அந்தச் சுற்றுலாப் பயணிதான். சிறுவயது முதல் ஒரே கிளப்பை, நள்ளிரவு தாண்டிக் கண்விழித்து, தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவன். அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய ஆண்டிலும் விட்டுவிடவில்லை. அரங்குக்கு நேரில் போக எனக்கு வாழ்நாளில் ஒரு வாய்ப்புத்தான் கிடைத்தது. அதைப் படமெடுக்காதே என்று சொல்வது, திருமண வீட்டில் மணமக்களைப் படமெடுக்காதே என்று சொல்வதுபோல் எனக்குப் படுகிறது.

என் பக்கத்தில் இருந்த வயதான பெண்மணி, முதல் கால் மணி நேரம் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எங்கள் தடுப்பாட்டக்காரர் பந்தைக் கோட்டை விட்டபோது, பத்தாண்டுகளுக்கு முன் அதே முனையில் அதே தவற்றைச் செய்த இன்னொரு தடுப்பாட்டக்காரரின் பெயரை நான் தலையில் கைவைத்தபடி சொன்னேன். அவர் சட்டென்று திரும்பினார். இடைவேளைக்குள் பாட்டின் இரண்டாவது பகுதியை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அதுவரை தொலைக்காட்சியில் அந்தப் பகுதி எனக்குச் சரியாகக் கேட்டதே இல்லை. தூரத்தை வைத்து அன்பை அளக்காதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

ஜெர்மனியிலிருந்து ஓர் உறுப்பினர்:

டோர்ட்முண்ட் அரங்கின் தெற்கு ஸ்டாண்டில் 24,454 பேர் நின்றபடி ஆட்டம் பார்க்கலாம். ஐரோப்பாவில் நின்று பார்க்கும் ஸ்டாண்டுகளில் அதுவே மிகப் பெரியது. நின்று பார்ப்பதற்கான கட்டணம் இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு என்பதால், இங்கிலாந்திலிருந்தே விமானம் ஏறி வருகிறவர்களை இங்கே அடிக்கடி பார்க்கலாம். தம் நாட்டு அரங்குகளில் தொலைந்த ஒன்றைத் தேடி வருகிறவர்கள், இங்கே தாங்களே சுற்றுலாப் பயணிகள் ஆகிவிடுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த அலுவலக நண்பர் ஒருவரை அங்கே அழைத்துப்போனேன். நுழைந்த நிமிடம் முதல் அவர் கைப்பேசியைத் தலைக்கு மேல் பிடித்துப் பதிவுசெய்துகொண்டிருந்தார். முன்னால் நின்ற ஒருவர் திரும்பி, கடிந்து ஒரு சொல்லும் பேசாமல், அந்தக் கைப்பேசியைத் தன் உள்ளங்கையால் மெதுவாகக் கீழே இறக்கினார். பிறகு, எங்கள் தலைக்கு மேலாக இழுத்துச் செல்லப்படவிருந்த பெரிய துணியின் ஓரத்தை நண்பர் கையில் கொடுத்து, மேளம் அடித்ததும் மேலே தூக்கிப் பின்னால் தள்ளச் சொல்லிச் சைகை காட்டினார். மேளம் அடித்தது. துணி எங்களை மூடியது; சில நிமிடங்கள் மைதானமே தெரியவில்லை; பெயின்ட் வாசனையும் இருட்டும் கூச்சலும் மட்டும். அந்தத் துணியில் என்ன வரைந்திருந்தது என்பதை நண்பர் மறுநாள் செய்தித்தாளில்தான் பார்த்தார். ஆட்டம் முடியும்வரை அவர் கைப்பேசியை மறுபடி எடுக்கவில்லை.

இங்கே நிலைமை வேறாக இருப்பதற்கு நல்ல மனம் மட்டும் காரணமல்ல. 50+1 என்ற விதியின்படி, ஒருசில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் வாக்குகளில் பெரும்பான்மை உறுப்பினர்கள் கையில் இருக்கிறது. 2024 தொடக்கத்தில், லீக்கின் ஊடக வருவாயில் பங்கெடுக்க முதலீட்டாளரைக் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அப்போது முதல்முறை வந்திருந்த பலர், பணம் கொடுத்து வந்த ஆட்டம் தடைபடுகிறதே என்று எரிச்சலடைந்ததை நேரில் பார்த்தேன். அவர்களுடைய எரிச்சலிலும் நியாயம் உண்டு. எனினும் அவர்கள் பார்க்க விரும்பி வந்த கொண்டாட்டத்தை உயிரோடு வைத்திருந்ததே அந்தப் பந்துகளை எறிந்த கைகள்தாம்.

பார்சிலோனாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

2022 ஏப்ரல் 14 அன்று எங்கள் பார்சிலோனா கிளப்பின் அரங்கான கேம்ப் நூவில் நான் இருந்தேன். யூரோப்பா லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டம். எதிரணி ஜெர்மனியின் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட். அவர்களுக்கு முறைப்படி ஒதுக்கப்பட்டவை 5,000 டிக்கெட்டுகள். வந்தவர்களோ ஏறத்தாழ 30,000 பேர். எங்கள் உறுப்பினர்கள் பலர் தம் இருக்கைகளை விற்றுவிட்டிருந்தார்கள். நான் நெடுங்காலமாக அறிந்த பக்கத்து இருக்கைக்காரர் அன்று வரவில்லை. அவருடைய இடத்தில் வெள்ளைச் சட்டை அணிந்த ஒரு ஜெர்மானியர் வணக்கம் சொல்லி அமர்ந்தார். 3-2 என்று தோற்றோம். கிளப்பின் தலைவர் லபோர்ட்டா அன்றிரவே வெட்கப்படுவதாகச் சொன்னார்.

அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்துகிறது. அந்த 30,000 பேரும் வெளியூர்க்காரர்கள்தாம், விமானத்திலும் காரிலும் வந்தவர்கள்தாம். எங்கள் அரங்கில் அதற்குமுன் வெகுகாலம் நான் கேட்டிராத ஓசையை அவர்கள் எழுப்பினார்கள். அவர்கள் ஒன்றாக வந்தார்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்களாக வந்தார்கள். எங்கள் அரங்கிலோ, ஆட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர் இருக்கையை விட்டுக்கொடுத்தால், கிளப் அதை விற்றுத் தொகையில் ஒரு பங்கை அவருக்குத் தருகிற முறை நெடுங்காலமாக உண்டு. வசதியான முறைதான். ஆனால் வாங்குகிறவர் ஒவ்வொருவரும் தனியாக, அறிமுகமில்லாதவர் நடுவில் போய் விழுகிறார். கேம்ப் நூ புதுப்பிக்கப்பட்ட காலத்தில், 2023 முதல் மோன்ட்யூயிக் குன்றின் ஒலிம்பிக் அரங்கில் ஆடியபோது இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 2024 இறுதியில், அபராதத் தொகை பற்றிய தகராறில், பாட்டை எடுத்துக்கொடுக்கும் குழுவினரின் பகுதியையும் மூடிவிட்டார்கள். அதன்பின் எதிரணிப் பயிற்சியாளர் தன் ஆட்டக்காரரைக் கூப்பிடும் குரல்கூட என் இருக்கைவரை கேட்டது.

வடமேற்கு இங்கிலாந்திலிருந்து, தொடங்கியவர்:

எல்லோருக்கும் நன்றி. பார்சிலோனா உறுப்பினர் எழுதியதைப் படித்தபின், நான் சொல்ல நினைத்தது எனக்கே தெளிவாகிறது: வெளியிலிருந்து வருவது சிக்கலல்ல, வருகிறவரைத் தனித்தனி இருக்கைகளில் சிதறவிட்டு, பழகியவர்களையும் கலைத்துவிடுகிற விற்பனைமுறைதான் சிக்கல்.

லண்டன் நண்பர் விவரித்த சிறுவனைப்போல் யாரும் திரும்பக் கூடாது என்பதற்காக, வரவிருக்கும் உறவினர்களுக்கு நான் சொல்லிவருவதை இங்கும் எழுதிவைக்கிறேன். கிளப்பின் சொந்த உறுப்பினர் விற்பனையில் மட்டும் வாங்குங்கள். எந்தப் பகுதி யாருக்குரியது என்று முன்பே கேளுங்கள். 2022-23 பருவம் முதல் இங்கிலாந்தின் மேல்நிலை அரங்குகளில் பாதுகாப்பாக நின்று பார்ப்பதற்கு உரிமம் பெற்ற பகுதிகள் அனுமதிக்கப்பட்டுள்ளன. பாட விரும்பினால் அங்கே முயலுங்கள், தொண்ணூறு நிமிடமும் நிற்க வேண்டியிருக்கும் என்பதை அறிந்து போங்கள். பெரிய ஆட்டம் கிடைக்காவிட்டால் மூன்றாம், நான்காம் பிரிவு ஆட்டங்களுக்குப் போங்கள். அங்கே வாசலிலேயே டிக்கெட் கிடைப்பதுண்டு, பக்கத்தில் இருப்பவர் தாமாகவே பேச்சுக்கொடுப்பார்.

எங்கள் பகுதி ரசிகர் குழு, தனியாக விற்கப்படும் இருக்கைகளை ஸ்டாண்டின் நடுவில் சிதறவிடாமல் ஓரமாகச் சேர்த்து ஒதுக்கும்படியும், மூத்தோர் சலுகையைத் திரும்பத் தரும்படியும் கிளப்புக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.