கர்ப்பகாலச் சர்க்கரை: செயலி மனைவி கையில், கரண்டி அம்மா கையில். என்ன செய்யலாம்?

யீஷூன்வாசி:
மனைவிக்கு 27ஆவது வாரம். போன வாரம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துப் பரிசோதித்ததில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. விரலில் குத்திப் பார்க்கும் கருவியை வாங்கி, அளவுகளை ஒரு செயலியில் பதியச் சொன்னார்கள். அவள் ஒழுங்காகத்தான் பதிகிறாள்.

ஆனால் வீட்டில் சமைப்பது மன்னார்குடியிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. செயலி முழுக்க ஆங்கிலம், அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்கிறார். கருப்பட்டி போட்டால் ஒன்றும் ஆகாதாம். அளவு கூடி எண் சிவப்பாக வந்தால் இவள் கண்கலங்குகிறாள், அம்மா "புள்ளத்தாச்சிய மிரட்டுற போன மூடி வை" என்கிறார். யாரையும் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. தமிழில் ஏதாவது கருவி, காணொளி இருக்கிறதா?

தெம்பனிஸ்_ராஜா:
சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'மை ஹெல்தி பிளேட்' படத்தை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். தட்டில் பாதி காய்கறி, பழம். கால் பங்கு முழுத்தானியம். கால் பங்கு மீன், முட்டை, பருப்பு. படம்தானே, மொழி எதற்கு?

உட்லண்ட்ஸ் அக்கா:
தம்பி, எனக்கும் இரண்டாவது பிள்ளைக்கு இதே கதை. போனை வைத்திருப்பவர்தான் சமைக்கிறார் என்று செயலி நினைத்துக்கொள்கிறது. நான் வேலைக்குப் போய்விடுவேன், அடுப்படி மாமியாருடையது. ஆக, பாடம் போய்ச் சேர வேண்டிய இடம் அடுப்படி.

நான் செய்தது சின்ன விஷயம். சாப்பிடுமுன் தட்டைப் படம் எடுப்பேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கருவி காட்டும் எண்ணை அந்தப் படத்துக்குக் கீழே எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். விளக்கம் எதுவும் கிடையாது. எண் படிக்க யாருக்குத்தான் தெரியாது?

கேழ்வரகு உடம்புக்கு நல்லது என்று அத்தை கூழாகக் காய்ச்சி ஒரு பெரிய சொம்பு கொடுத்தார். எண் எகிறிவிட்டது. அதே மாவில் முருங்கைக்கீரை போட்டு இரண்டு அடை, கூட ஒரு அவித்த முட்டை என்று சாப்பிட்டபோது அடங்கியது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "நைசாக் கரைச்சுக் குடிச்சா சட்டுனு ஏறுது போல" என்று அவரே சொன்னார். நான் சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்! அப்புறம் அவரே கவனித்தது இன்னொன்று: அதே இட்லி காலையில் சாப்பிட்டால் எண் அதிகம், இரவில் குறைவு. மருத்துவரிடம் கேட்டதற்கு, கர்ப்பிணிகளுக்கு இன்சுலின் காலையில்தான் மந்தமாக வேலை செய்யும் என்றார். அதற்குப் பிறகு அத்தையின் காலை இட்லி தானாகவே சின்னதாகிவிட்டது.

கருப்பட்டிக்கும் இதே வழிதான். ஒருநாள் அம்மா கண்ணெதிரே அளந்து காட்டுங்கள், கருவி தீர்ப்புச் சொல்லட்டும். சிவப்பு எண் வந்தால் "நீ என்ன சாப்பிட்டாய்?" என்று யாரும் மனைவியைக் கேட்கக் கூடாது என்பதையும் முதலிலேயே பேசி வையுங்கள். அது இல்லாவிட்டால் குழு விசாரணை மன்றமாகிவிடும்.

ஓய்வுபெற்ற தாதி:
அக்கா சொல்வது சரி. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கர்ப்பகாலச் சர்க்கரைக்கான ஒரு செயலியை என்யுஎச் (தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை) மருத்துவக் குழுவினர் 340 பெண்களிடம் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். எடை கூடுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் செயலி பயன்படுத்தியவர்களின் சர்க்கரை அளவு சற்றுக் குறைவு, பிறந்த குழந்தைகளுக்குச் சிக்கல்களும் குறைவு. அந்தச் செயலியில் மறுபுறம் பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். உங்களுக்குக் கொடுத்த செயலியில் செய்தி அனுப்பும் வசதி இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

உணவியல் நிபுணரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். பயந்துபோய்ச் சோற்றை அடியோடு நிறுத்திவிட வேண்டாம், குழந்தைக்கும் மாவுச்சத்து வேண்டும். வயிற்றில் குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் செயலியில் பதிந்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சர்க்கரைப் பரிசோதனை உண்டு. குழந்தை வந்த சந்தோஷத்தில் பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

யீஷூன்வாசி:
நன்றி அக்கா, நன்றி தாதியம்மா. வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டேன். எங்கள் மூவரோடு என் தங்கையும் உள்ளே வந்துவிட்டாள், கட்டுப்படுத்த முடியவில்லை. அடுத்த சந்திப்புக்கு அம்மாவும் வருகிறார். அடுத்த கேள்வி: சோதனைப் பட்டைகள் வேகமாகத் தீர்கின்றன. வெளி மருந்துக்கடையில் வாங்கினால் அதே கருவிக்குப் பொருந்துமா, மருத்துவமனையில்தான் வாங்க வேண்டுமா?

உட்லண்ட்ஸ் அக்கா:
கருவியின் பெயரும் மாடலும் ஒத்துப்போனால் எங்கே வாங்கினாலும் சரி. பழைய டப்பாவைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள்.