ஆபரேஷனுக்கு முன் கீமோ: கேட்குமா என்று முன்கூட்டியே தெரியுமா?

வணக்கம். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. பயாப்ஸியில் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (அணு வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) மூன்றும் நெகட்டிவ், அதாவது ட்ரிபிள் நெகட்டிவ் வகை. புற்றணுக்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67 அளவு 70 சதவீதம். முதலில் கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன் என்கிறார் டாக்டர். கட்டி உள்ளே இருக்கும்போதே கொடுத்தால் மருந்து கேட்கிறதா என்று நேரடியாகப் பார்க்கலாமாம். சரி, அது புரிகிறது.

நான் படித்தவரை, ட்ரிபிள் நெகட்டிவ், ஹெர்-2 பாசிட்டிவ் வகைகளில்தான் கட்டி முழுதாகக் கரைய வாய்ப்பு அதிகம். ஹார்மோன் பாசிட்டிவ் வகையில் குறைவு. கட்டிக்குள் லிம்போசைட் எனும் நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்கள் நிறைய ஊடுருவியிருந்தாலும் நல்ல அறிகுறிதான். ஆனால் அக்காவின் ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதே பயாப்ஸி பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த திசு) வைத்து மறுபடி பார்க்கச் சொல்லலாமா? இங்கே யாராவது கேட்டு வாங்கியிருக்கிறீர்களா?

இன்னொன்று, உங்களுக்கு எத்தனை சைக்கிளுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள்? எம்ஆர்ஐயா, அல்ட்ராசவுண்டா? கட்டி கரைந்தால் இடம் தெரியாமல் போகுமே, அதற்காக முன்பே கட்டிக்குள் அடையாளத்துக்குச் சின்ன உலோகக் கிளிப் வைத்தார்களா?

அடுத்த வாரம் முதல் கீமோ. அதற்குள் சொன்னால் டாக்டரிடம் கேட்க வசதியாக இருக்கும். மூலிகை, கஷாய யோசனைகள் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்; அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள்.