புது டிரையர் வந்த பிறகு குருணை கூடிவிட்டது: இருக்கும் ஆட்களையே பழக்கி எடுப்பது எப்படி?

அம்பைநெல் (கேள்வி)

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் குடும்பம் நடத்திவரும் புழுங்கலரிசி ஆலையில் சென்ற ஆண்டு நெல் உலர்த்தும் டிரையரும், நிறம் பார்த்துக் கெட்ட அரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டரும் பொருத்தினோம். கார் பருவ அறுவடை வந்து சேரும் புரட்டாசி, ஐப்பசியிலேயே மழையும் பிடித்துக்கொள்வதால், களத்தை மட்டும் நம்பி நெல் வாங்க முடியாத நிலை ஏற்பட்டிருந்தது. இயந்திரம் விற்ற நிறுவனத்தார் வந்து வகுப்பு எடுத்தார்கள். எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். ஆனாலும் அம்பை 16 ரக நெல்லில், களத்தில் காய்ந்த காலத்தைவிட இப்போது குருணை, அதாவது உடைந்த அரிசி, கூடுதலாக விழுகிறது. மூட்டைக் கணக்கில் கூலி வாங்கும் இரவு ஆட்கள் சூட்டைக் கூட்டி வைத்து விரைவாக முடித்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக நெல் அவித்துவரும் மேஸ்திரியோ, "அது மெஷின்காரங்க பாடு" என்று ஒதுங்கி நிற்கிறார். ஐடிஐ படித்த இளைஞர்களை வெளியிலிருந்து எடுத்துவிடலாம் என்பது அப்பாவின் எண்ணம். இருப்பவர்களையே வளர்த்தெடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். எங்கே தொடங்குவது?

பொருநைக்கரை

தம்பி, நான் ஒரு நூற்பாலையின் பயிற்சிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் குருணைக்கான விடை அந்த மேஸ்திரியிடமே இருக்கிறது என்று நினைக்கிறேன். அவித்த நெல்லை ஒரே மூச்சில் 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டுபோனால், அரிசியின் வெளிப்புறம் முந்திக் காய்ந்து உட்புறம் பின்தங்குவதால் விரிசல் விழும். 16 முதல் 18 சதவீதத்தில் நிறுத்தி, சில மணி நேரம் ஆறவிட்டு, பிறகு மீதி ஈரத்தை எடுத்தால் உடைவது குறையும். களத்தில் நெல்லைக் கூட்டிக் குவித்து மூடி வைத்துவிட்டு மறுபடி விரித்தார்களே, அதன் பயன் இதுதான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று மேஸ்திரியிடம் யாராவது கேட்டார்களா? கேட்காத இடத்தில் அவர் ஒதுங்கி நிற்பதைப் பிடிவாதம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பைஜாமா தொழிற்சாலையில் காக், பிரெஞ்ச் என்ற இருவர் நடத்திய ஆய்வு 1948இல் வெளியானது. வேலைமுறை மாற்றத்தை வெறும் அறிவிப்பாகப் பெற்ற குழுவில் உற்பத்தி சரிந்தது; முதல் 40 நாளில் 17 சதவீதத்தினர் வேலையை விட்டே போனார்கள். மாற்றத்தை வகுப்பதிலேயே எல்லோரும் பங்கு பெற்ற குழுக்களில் ஒருவரும் விலகவில்லை. உற்பத்தியும் பழைய அளவைத் தாண்டியது. நம் நாட்டிலேயே அகமதாபாத் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளைக் கொண்டுவந்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. 1953இல் ஏ. கே. ரைஸ் என்ற ஆய்வாளரின் யோசனைப்படி, தனித்தனி வேலையாகச் சிதறிக் கிடந்த ஆட்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு தொகுதித் தறிகளுக்கு முழுப் பொறுப்பேற்ற பிறகு உற்பத்தி உயர்ந்தது, பழுதுத் துணி குறைந்தது. தறி அதே தறிதான்.

ஆகவே ஊறல், அவியல், டிரையர் மூன்றையும் ஒரே குழுவிடம் ஒப்படைத்து, எப்போது நிறுத்துவது, எவ்வளவு நேரம் ஆறவிடுவது என்பதை மேஸ்திரியும் இரவு ஆட்களும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். ஐடிஐ படித்த ஒரு பையனை எடுப்பதில் தவறில்லை. அவன் மேஸ்திரிக்குத் துணையாக வர வேண்டும், மாற்றாக வரக்கூடாது.

தென்காசிக் கணக்கர்

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கூலியைத் தொடாமல் விட்டால் எதுவும் நிலைக்காது. மூட்டைக்குக் காசு என்று வைத்துவிட்டு, சில மணி நேரம் ஆறவிடச் சொன்னால், அது அவர்கள் பையிலிருந்து எடுப்பதாகும். ஒரு பருவத்துக்காவது நாள்கூலியாக்கி, குருணை குறைந்தால் குழு முழுவதற்கும் ஊக்கத்தொகை என்று எழுதிக்கொடுங்கள். கூலி கொடுக்கும் முறையை மாற்றுவதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவு சொல்லியிருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது நடைமுறையில் இருக்கும் 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு உண்டு. அதை வெறும் சடங்காக எண்ணாமல், பேசித் தீர்ப்பதற்கான காலமாகப் பயன்படுத்துங்கள்.

அம்பைநெல்

மிக்க நன்றி அண்ணாச்சி. மேஸ்திரியிடம் நாளைக்கே பேசுகிறேன். களத்தில் நெல் துழாவும் பெண்களைப் பற்றித்தான் இன்னும் குழப்பமாக இருக்கிறது. டிரையர் சரியாக ஓடத் தொடங்கினால் அவர்களுக்குக் களத்தில் வேலை குறையும். அதை மறைத்துவைத்துப் பேசவும் எனக்கு மனம் வரவில்லை.

கங்கைகொண்டான் பயிற்சியாளர்

மறைக்காதீர்கள். எத்தனை பேருக்கு, எந்தப் பருவத்திலிருந்து, என்ன மாற்று வேலை என்பதை அவர்களிடம் நேராகச் சொல்லுங்கள். தெளிவில்லாத நிலைதான் ஆட்களைச் சீக்கிரம் வெளியே அனுப்பும், அதுவும் நல்ல ஆட்களை முதலில். நெல் காய்ந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அந்தப் பெண்கள். ஈரப்பதமானியும் கலர் சார்ட்டரும் அவர்கள் கைக்குப் போகலாம்.

வகுப்பறையை விடுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் புது ஆட்களைப் பழக்கிய முறை இன்றும் எங்களுக்குக் கைகொடுக்கிறது: முதலில் ஆளின் தயக்கத்தைப் போக்கி அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, பிறகு செய்துகாட்டுவது, பிறகு அவரையே காரணம் சொல்லிக்கொண்டு செய்யவைப்பது, கடைசியாகத் தனியே விட்டு அவ்வப்போது போய்ப் பார்ப்பது. உங்கள் ஆலையில் விடுபட்டது அந்தக் கடைசிப் படி என்று தோன்றுகிறது.

பயிற்சி பலித்ததா என்பதையும் இயந்திர முகப்பிலேயே பாருங்கள். டொனால்டு கர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு நிலைகளில், ஆட்களுக்கு வகுப்பு பிடித்ததா என்பது முதல் நிலை மட்டுமே. கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, ஆலைக்குப் பலன் வந்ததா என்பவை அதற்கு மேலே இருக்கின்றன. அரசு நெல் அரவையில் புழுங்கலுக்கு நெல் எடையில் 68 சதவீத அரிசி கேட்கிறார்கள். உங்கள் ஆலையின் மொத்த அரிசி எவ்வளவு, அதில் குருணை எவ்வளவு என்று பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். அந்த நோட்டு அலுவலக அறையில் இருக்க வேண்டாம். டிரையர் அருகே, மேஸ்திரி கைக்கு எட்டும் இடத்தில் தொங்கட்டும். பிசானப் பருவ நெல் வந்து இறங்குவதற்குள் இதைத் தொடங்கிவிட்டால், அடுத்த கார் பருவத்துக்குள் ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒரு பருவக் கணக்கு இருக்கும்.