மலேசியப் படப்பிடிப்புக்குக் கேமரா கொண்டுபோக என்ன தாள் வேண்டும்? அவசரம்

பொள்ளாச்சி ஒளி: வணக்கம். அடுத்த மாதம் மலேசியாவில் இரண்டு பாடல் காட்சிகள் எடுக்கிறோம். சின்ன யூனிட்தான். கேமரா, லென்ஸ் எல்லாம் இங்கிருந்தே போகின்றன. சுங்கத்தில் மடக்கிவிடுவார்கள் என்று யாரோ சொல்லி, தயாரிப்பாளர் கலங்கிப்போயிருக்கிறார். உடனே சொல்லுங்கள்.

ஈரோடு சரக்கு: சொந்தக் கேமராவா, வாடகையா? எந்த விமான நிலையம்? அங்கே எந்த ஊர்? இதெல்லாம் தெரியாமல் யார் என்ன சொல்ல முடியும்?

அமராவதிக் கரை: முதலில் பேட்டரியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை சிக்கலில்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு ஆளுக்கு இரண்டு. அதையும் தாண்டினால் பயணியோடு போகாது. பேட்டரி மேலேயே அச்சிட்டிருக்கும்: 14.8 வோல்ட்டை 6.6 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் சுமார் 98. முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள்.

சிங்காநல்லூர் பெரியவர்: தம்பி, இதை இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கும் பொறுமை இப்போது யாருக்கும் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஏடிஏ கார்னெட்: வரி கட்டாமல் பொருளைத் தற்காலிகமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் சுங்கப் புத்தகம். இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிக, தொழில் கூட்டமைப்பு தருகிறது, ஓராண்டு செல்லும், பிணை கேட்பார்கள். மலேசியாவும் ஏற்கிறது. இங்கிருந்து கிளம்பும்போதும் திரும்பும்போதும் மஞ்சள் தாள், அங்கே நுழையும்போதும் வெளியேறும்போதும் வெள்ளைத் தாள். ஒரு முத்திரை விட்டுப்போனாலும் பொருள் அந்த நாட்டிலேயே தங்கிவிட்டதாகக் கணக்கு வைத்து வரி கேட்பார்கள். கார்னெட்டில் சேர்க்கும் பொருள் பட்டியலை அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்யாதீர்கள். லென்ஸைக் கையில் எடுத்து, வளையத்தில் பொடியாக இருக்கும் எண்ணை டார்ச் அடித்துப் படியுங்கள். 6-ஐ 8 என்று எழுதினால் அது வேறு லென்ஸ்.

வால்பாறை மழை: மலேசியாவில் தேயிலைக்குப் பேர்போன கேமரன் மலைக்குத்தானே போகிறீர்கள்? தேயிலைத் தோட்டத்துக்குக் கடல் தாண்ட வேண்டுமா? அதே பச்சை ஆழியாறு தாண்டி மேலே ஏறினால் இருக்கிறது. சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ என்று படம் எடுத்த கோயம்புத்தூர்க்காரர்கள் இதைக் கேட்டால் வருந்துவார்கள்.

பொள்ளாச்சி ஒளி: கேமரன் மலைதான் அண்ணா. கேமரா வாடகை. கோவையிலிருந்து சிங்கப்பூர் விமானம், அங்கிருந்து வேனில் ஜொகூர் வழியாகப் போகிறோம். ட்ரோனும் உண்டு. மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்பதால் எல்லோரும் சுற்றுலாவாகவே நுழைகிறோம்.

ஈரோடு சரக்கு: முக்கியமானதையெல்லாம் இப்போதுதான் சொல்கிறீர்கள். சிங்கப்பூரில் இறங்கிச் சாலை வழியாகப் போனால் அந்த நாட்டுச் சுங்கத்தையும் தாண்ட வேண்டும். கார்னெட்டில் அதற்கென்று நீலத் தாள் சேர்த்து வாங்க வேண்டும். யூனிட்டுக்குச் சிங்கப்பூர் விசா எடுத்தாயிற்றா? திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. காங்கயம், கரூர் வழியாக வண்டியில் போய்விடலாம். வாடகைப் பொருளுக்கு உரிமையாளரின் அதிகாரக் கடிதமும் வேண்டும்.

கிள்ளான் கவுண்டர்: தம்பி, சுற்றுலாவாக நுழைந்து இங்கே படம் எடுக்காதீர்கள். வெளிநாட்டுப் படப்பிடிப்புக்கு, அதற்கென்றே இருக்கும் அரசு அமைப்பான புஸ்பலின் அனுமதி வேண்டும். அதற்கு உள்ளூர் நிறுவனம்தான் விண்ணப்பிக்க முடியும். படப்பிடிப்பு வேலைகளை இங்கே கவனித்துக்கொள்ளும் நல்ல லைன் புரொடியூசரைப் பிடியுங்கள். ட்ரோனுக்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தனி, வான்படத்துக்கு நில அளவைத் துறையான ஜூபெமின் அனுமதி தனி. இங்கே அக்டோபர், நவம்பரில் மழை வலுக்கும், அதையும் பாருங்கள்.

அமராவதிக் கரை: வால்பாறைக்காரரே, உங்கள் ஊரைச் சுற்றிப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி என்ன சும்மா கிடைக்கிறதா?

வால்பாறை மழை: சும்மா கிடைக்காதுதான். ஆனால் அந்தக் காசு நம் ஊர் லைட்மேனுக்கும் வேன் டிரைவருக்கும் சமையல்காரருக்கும் போகும். கேமரன் மலையிலும் தோட்டம் போட்டுக் கொழுந்து பறித்தவர்கள் நம் சனங்கள்தான், வால்பாறையிலும் அவர்கள்தான். இங்கே இருப்பவர்களை ஏன் விட வேண்டும்?

சிங்காநல்லூர் பெரியவர்: கேட்டது சுங்கம், பேசுவது தேயிலை. கதை மலேசியாவில் நடந்தால் அங்கேதான் எடுக்க வேண்டும்.

வால்பாறை மழை: பாடல் காட்சி என்றுதான் எழுதியிருக்கிறார் ஐயா, கதை அங்கே நடக்கிறது என்று எங்கேயும் சொல்லவில்லை.

பொள்ளாச்சி ஒளி: திருச்சி வழியாக மாற்றிவிட்டோம். கார்னெட்டுக்கு விண்ணப்பித்தாயிற்று. புஸ்பல் வேலையைக் கோலாலம்பூர் ஆள் ஒருவர் எடுத்திருக்கிறார், அது வரும்வரை தேதி தள்ளிப்போகிறது. எல்லோருக்கும் நன்றி.

ஈரோடு சரக்கு: நல்லது. ட்ரோன் என்ன ஆயிற்று? அதைக் கொண்டுபோகவில்லை என்றால் கார்னெட் பட்டியலிலும் எழுதாதீர்கள்.